பல் கடிக்கிறதுக்குத் தாடையில ஊசி: போட்டுக்கிட்டவங்க யாராவது சொல்லுங்களேன்

கேள்வி: விடியல்

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் எழுதுறது இதுதான் முதல் தடவை.

கிட்டத்தட்ட ரெண்டு வருஷமா தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேன். எனக்கே தெரியாது, பக்கத்துல படுக்கிற என் அக்காதான் முதல்ல சொன்னா. நடுராத்திரி என்னை உலுக்கி எழுப்பி, “வாயில கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம் வருதுடி”ன்னா. அப்ப பெருசா எடுத்துக்கல. இப்ப காலையில எழுந்தா ரெண்டு நெத்திப்பொட்டும் விண்ணுவிண்ணுனு தெறிக்குது. வாய் ரெண்டு விரல் அகலத்துக்கு மேல திறக்கமாட்டேங்குது, கொஞ்ச நேரம் போனாத்தான் இளகுது.

பல் டாக்டர் நைட் கார்டு, அதாவது ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிற உறை, செஞ்சு குடுத்தார். கெட்டியான அக்ரிலிக். எட்டே மாசத்துல கோரைப்பல் படுற இடத்துல பள்ளம் விழுந்துடுச்சு. போன மாசம் கீழ்க் கடைவாய்ப் பல் ஒண்ணு விரிசல் விட்டு, ரூட் கேனால் பண்ணி கேப் போட்டாச்சு. இப்ப தாடைத் தசையில போடாக்ஸ் ஊசி போட்டுக்கலாம்னு சொல்றார். முகச் சுருக்கத்துக்குப் போடுறதுன்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன். பல் கடிக்கிறதுக்குமா?

பயமா இருக்கு. முகம் கோணிடுமா, சாப்பிட முடியுமா, ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போட்டுக்கிட்டே இருக்கணுமா? முக்கியமா, பல் கடிக்கிறது நிக்குமா? எனக்கு வயசு 31. மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் சாப்பிடுறேன், மத்தபடி வேற நோய் எதுவும் இல்ல. போட்டுக்கிட்டவங்க உண்மையைச் சொல்லுங்க, நல்லதும் கெட்டதும்.

பதில் 1: பிழைதிருத்தி

விடியல், உங்க கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். நிக்காது. எனக்கு நிக்கல. ஆனா கடியோட பலம் குறைஞ்சுது. அதனால எனக்குக் காலைத் தலைவலி போச்சு, இன்னொரு பல் உடையாம இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா ஏமாற்றம் இருக்காது. நான் தெரியாம போனேன், முதல் மாசம் ரொம்ப நொந்துட்டேன்.

எனக்கு வயசு 46. பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துறது தொழில். இதுவரைக்கும் நாலு தடவை போட்டிருக்கேன். முதல் தடவை நடந்ததை விவரமாச் சொல்றேன், பயம் கொஞ்சம் தெளியும்.

டாக்டர் என் முன்னாடி உட்கார்ந்து, காதுக்குக் கீழ தாடை எலும்பு திரும்புற மூலையில ரெண்டு கையாலயும் தொட்டுக்கிட்டு, “நல்லா இறுக்கிக் கடிங்கம்மா”ன்னார். கடிச்சதும் ரெண்டு பக்கமும் தசை உருண்டையா துருத்திக்கிட்டு வந்துச்சு. அதுதான் மாசெட்டர். எனக்கு அது கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னார். அப்புறம் வெள்ளைப் பென்சிலால காதுக்கு முன்னாடி இருக்கிற சின்ன மேட்டுலேர்ந்து வாய் ஓரம் வரைக்கும் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குக் கீழ மட்டும் பக்கத்துக்கு நாலு புள்ளி வெச்சார். ஏன் கீழ மட்டும்னு கேட்டேன். மேல போனா எச்சில் சுரப்பியோட குழாய் போகுது, ரொம்ப முன்னாடி போனா சிரிக்கிறதுக்கான தசையில மருந்து பட்டுடும்னார். இந்தக் கோட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால இதைப் பத்திச் சொல்ல வேண்டியிருக்கு.

மருந்து பொடியா ஒரு சின்னக் குப்பியில இருந்துச்சு. ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்து, உப்புத்தண்ணி விட்டு, குலுக்காம மெதுவா சுழட்டிக் கரைச்சாங்க. மாசெட்டருக்குப் பக்கத்துக்கு 25 யூனிட், பொட்டுல இருக்கிற டெம்பொராலிஸ் தசைக்குப் பக்கத்துக்கு 10 யூனிட். மொத்தம் 70. ஊசி முடி மாதிரி மெல்லிசு. கன்னத்துல எறும்பு கடிச்ச அளவுதான் வலி. பொட்டுல குத்தும்போது மட்டும் காதுக்குள்ள நறுக்குனு ஒரு சத்தம் கேட்டுது, அதுக்குத்தான் திடுக்கிட்டேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

மூணு நாள் ஒண்ணுமே இல்ல. காசைத் தண்டமாக்கிட்டோமோன்னு இருந்துச்சு. அஞ்சாம் நாள் காலையில ஒரு அறிவியல் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரே பத்தியில ‘அனு’ன்னு ரெண்டு இடம், ‘அணு’ன்னு ஒரு இடம். பழக்கப்படி பல்லை இறுக்கினேன். இறுகல! பல் சேருது, ஆனா அந்தப் பிடி வரல. மூட முடியாத ஜன்னலைச் சாத்துற மாதிரி இருந்துச்சு.

அந்த நிமிஷத்துலதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நான் தூக்கத்துல மட்டும் கடிக்கல. பகல்லயும் கடிக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம், பிழைக்குப் பிழை. இத்தனை வருஷம் தசை பலமா இருந்தப்ப அது எனக்குத் தெரியவே இல்ல, ஏன்னா கடிச்சபடி இருக்கிறதுதான் எனக்கு இயல்பா இருந்துச்சு. பலம் போனப்பதான் எத்தனை தடவை முயற்சி பண்றேன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கு முழுக்க, பல் சேருறது தெரியுற ஒவ்வொரு தடவையும் ஓரத்துல சிவப்பு மையால ஒரு புள்ளி வெச்சேன். மத்தியானத்துக்குள்ள 63 புள்ளி.

இது ஏன் முக்கியம்னா, பல் கடிக்கிறதுல ரெண்டு வகை இருக்கு. தூக்கத்துல வர்றது மூளை லேசா விழிக்கிற தருணங்கள்ல தானா நடக்கிறது, நாம கட்டுப்படுத்த முடியாது. பகல்ல இறுக்கிப் பிடிக்கிறது பழக்கம், கவனிச்சா குறைக்கலாம். நிறைய பேருக்கு ரெண்டும் சேர்ந்து இருக்கும். டாக்டர் எனக்குச் சொன்னது: உதடு மூடியிருக்கணும், பல்லும் பல்லும் தொடக்கூடாது, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால இருக்கிற ஈறு மேட்டுல லேசாத் தொட்டுக்கிட்டிருக்கணும். தொழில்காரி, எனக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னா, ‘ன’ சொல்றப்ப நாக்கு எங்க தொடுதோ அந்த இடம். ‘ந’ இல்ல, ‘ந’வுக்கு நாக்கு பல்லைத் தொடும். சொல்லிப் பாருங்க, ‘ன’. அப்படியே நாக்கை அங்க விட்டுடுங்க. பல்லு ரெண்டும் தானா விலகி நிக்கும். கம்ப்யூட்டர் ஓரத்துல ஒரு ‘ன’ எழுதி ஒட்டி வெச்சிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் இருக்கு.

சரி, ஊசிக்கு வர்றேன். என் தலைவலி 16-ஆம் நாள் காலையில இல்ல. டயரியில எழுதி வெச்சிருக்கேன். பொதுவா ரெண்டு வாரத்துலேர்ந்து ஒரு மாசத்துக்குள்ள முழுப் பலன் தெரியும், மூணு நாலு மாசம் நிக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும். அப்புறம் நரம்பு நுனி திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சுடும். இந்த மருந்து என்ன பண்ணுதுன்னு கேட்டீங்கன்னா, நரம்புலேர்ந்து அசிட்டைல்கோலின்னு ஒரு வேதிப்பொருள் வெளிய வந்தாத்தான் தசை சுருங்கும். அதை வெளிய வரவிடாம மருந்து தடுக்குது. மூளையோட உத்தரவு அப்படியே வந்துக்கிட்டுதான் இருக்கு, தசைக்கு அது பாதிதான் போய்ச் சேருது. அதனாலதான் ராத்திரி இன்னும் கடிக்கிறேன். என் வீட்டுக்காரர் சொல்றது, “சத்தம் இருக்கு, ஆனா எழுப்பிவிடுற சத்தமா இல்ல.”

கார்டை விடவே கூடாது. பலம் குறைஞ்ச கடியும் கடிதான். எனாமல் போனது போனதுதான், திரும்ப வளராது.

சாப்பிட முடியும். ஆனா முதல் ஆறு வாரம் கெட்டியா எதையும் மெல்ல முடியல, பாதியிலேயே தாடை ஓய்ஞ்சு போகும். பழகிடும். முகமும் மாறுச்சு. மூணாவது மாசம் தாடை மூலை மெலிஞ்சு தெரிஞ்சுது, வேலை இல்லாத தசை சுருங்குறதுதான் காரணம். உங்க வயசுல அது அழகாவே தெரியலாம். என் வயசுக்குக் கன்னத் தோல் கொஞ்சம் தளர்ந்த மாதிரி ஆச்சு. எனக்கு அது வருத்தம்தான், ஆனா பல்லா தோலான்னா பல்லுதான்.

இப்ப அந்தக் கோடு. ரெண்டாவது தடவை என் டாக்டர் ஊர்ல இல்ல. தலைவலி திரும்ப ஆரம்பிச்சுட்டதால அவசரப்பட்டு வேற ஒரு இடத்துல போட்டுக்கிட்டேன். அங்க கோடும் போடல, கடிக்கச் சொல்லித் தொட்டும் பார்க்கல. இடது பக்கம் ரொம்ப முன்னாடி குத்திட்டாங்க. பத்து நாள் கழிச்சுக் கண்ணாடியில சிரிச்சுப் பார்த்தா வலது ஓரம் ஏறுது, இடது ஓரம் அப்படியே கிடக்கு. அதை உடனே சரிபண்ண மாற்று மருந்து எதுவும் கிடையாது, தானாத்தான் தெளியணும். ஏழு வாரம் ஆச்சு. அந்த ஏழு வாரத்துக்குள்ளதான் என் பொண்ணு பட்டம் வாங்கினா. அந்தப் படத்துல நான் உதட்டை மூடிக்கிட்டு நிக்கிறேன். இன்னிக்குப் பார்த்தாலும் மனசு கஷ்டமா இருக்கு. அதனால தயவுசெஞ்சு இதைக் கேளுங்க: தாடைக்கு எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்கன்னு டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க. கேக்கிறதுல தப்பே இல்ல.

ஆயுசுக்கும் போடணுமான்னு கேட்டீங்க. கட்டாயம் இல்ல. எனக்கு முதல் மூணு தடவைக்கும் இடையில நாலு மாசம்தான் இடைவெளி. பகல் கடியைக் குறைச்சப்புறம் நாலாவது ஊசிக்குப் பதினொரு மாசம் கழிச்சுதான் போனேன்.

எங்கம்மா முதல்ல கேட்டது, “விஷத்தையா மூஞ்சியில போட்டுக்கப் போற?”ன்னு. விஷம்தான், மறுக்கல. கெட்டுப்போன உணவுல உண்டாகி ஆளையே கொல்ற பாக்டீரியாவோட நச்சுதான் அது. ஆனா 1820-கள்லயே யுஸ்டினஸ் கெர்னர்னு ஒரு ஜெர்மன் டாக்டர், கெட்ட சாசேஜ் சாப்பிட்டுச் செத்தவங்களை ஆராய்ஞ்சு, இதையே துளி அளவுல மருந்தாக்கலாம்னு எழுதி வெச்சார். மாறுகண்ணுக்கும் கண்ணிமை தானா இறுகி மூடிக்கிற நோய்க்கும் 1989-ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. சுருக்கத்துக்கு அனுமதி வந்தது அப்புறம் 2002-லதான். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் கொஞ்சம் சமாதானம் ஆச்சு. எனக்கும்தான்.

பதில் 2: ரயிலடி

விடியல், மேல அக்கா எழுதினது எல்லாம் சரி. ஆனா உங்க கேள்வியில ஒரு வரி என் கண்ணுல பட்டுச்சு. செர்ட்ராலின் எப்பலேர்ந்து சாப்பிடுறீங்க?

ஏன் கேக்கிறேன்னா, எனக்கு ஃபுளுவாக்ஸ்டின் (அதுவும் உங்க மாத்திரை வகைதான்) ஆரம்பிச்ச மூணாவது வாரத்துல தாடை இறுக ஆரம்பிச்சுது. ரெண்டு பல் டாக்டர், ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாச்சு. யாரும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேக்கல, நானும் சொல்லல. மனநல மருத்துவர்கிட்ட வேற எதுக்கோ போனப்ப பேச்சுவாக்குல சொன்னேன். அவர் உடனே பேனாவைக் கீழ வெச்சுட்டு, “இதை ஏன் முன்னாடியே சொல்லல?”ன்னார். இந்த வகை மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிக்கிறதைக் கொண்டுவரும், ஏற்கெனவே இருக்கிறதை அதிகமாக்கும். எனக்கு அளவைக் குறைச்சார், அப்புறம் மருந்தையே மாத்தினார். ரெண்டு மாசத்துல முக்கால்வாசி குறைஞ்சுடுச்சு. ஊசிக்குப் போகவே வேண்டியதில்லாம போச்சு.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன். நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், படபடப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு திரும்ப வர்றதுன்னு ரொம்பப் படுத்தும். எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட பேசுங்க. உங்களுக்கு அந்த மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னா, அதை வெச்சுக்கிட்டே தாடைக்கு வழி பார்க்கலாம்னும் அவர் சொல்லலாம்.

இன்னொண்ணு, குறட்டை உண்டான்னு உங்க அக்காகிட்ட கேளுங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கும் பல் கடி இருக்கிறதுண்டு. அப்படின்னா முதல்ல பார்க்க வேண்டியது மூச்சை.

பதில் 3: வெள்ளை அங்கி

பல் மருத்துவராக இருக்கிறேன். பொதுவான சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன், நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது.

பல் கடிப்பது இந்த மருந்தின் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளில் சேராது. அனுபவத்தையும் ஆய்வுகளையும் வைத்து மருத்துவர்கள் தம் பொறுப்பில் தருகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் ஊசிக்கு முன் அதை உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

யூனிட் கணக்கில் கவனம். போடாக்ஸ், டிஸ்போர்ட், ஜியோமின் எல்லாம் ஒரே வகை நச்சுதான் என்றாலும் ஒன்றின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமாகாது. மேலே எழுதியவருக்குப் போட்ட 70 யூனிட்டை உங்கள் அளவோடு ஒப்பிட வேண்டாம். எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்தப் புள்ளி என்று ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்குள் மறுபடி போடாதீர்கள். அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்து பலிக்காமல் போகலாம். தசையின் இழுப்பு குறையும்போது தாடை எலும்பின் அடர்த்தியும் குறையக்கூடும் என்ற கவலை சில ஆய்வுகளில் எழுந்திருக்கிறது. இளவயதில் தொடர்ந்து பல ஆண்டுகள் போடுவதற்கு நான் தயங்குவது இதனால்தான். சிலருக்கு ஊசி போட்ட சில நாட்களில், கடிக்கும்போது தசையின் ஒரு பகுதி மட்டும் கட்டி போலப் புடைக்கும். மருந்து சேராத இழைகள் அதிகமாக வேலை செய்வதுதான் காரணம். பயப்பட வேண்டாம், போட்டவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால் முன்னதாகவே சொல்லுங்கள். ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், குரல் மாற்றம், இமை தொங்குவது, உடம்பு முழுக்கச் சோர்வு என்று ஏதாவது தெரிந்தால், சில வாரம் கழித்து வந்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாதது.

விடியல் (கேட்டவர்)

மூணு பேருக்கும் நன்றி. ரயிலடி அண்ணா, உங்க பதிலைப் பார்த்துட்டுப் பழைய சீட்டெல்லாம் தேடினேன். செர்ட்ராலின் ஆரம்பிச்சது, அக்கா என்னை எழுப்பினதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடி. அளவைக் கூட்டினது அவ எழுப்பினதுக்கு மூணு வாரம் முன்னாடி. கை நடுங்கிடுச்சு. இத்தனை நாள் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்ல. குறட்டை இல்லைன்னு அக்கா சத்தியம் பண்றா.

வர்ற வாரம் மனநல மருத்துவரைப் பார்க்கிறேன். மாத்திரையை நிறுத்த மாட்டேன், அது எனக்கு உயிர் குடுத்த மாத்திரை. அவர் சொல்றதைப் பொறுத்துத்தான் ஊசி.

பிழைதிருத்தி அக்கா, நீங்க சொன்ன ‘ன’வை நேத்து முழுக்கச் செஞ்சு பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிறப்பவும் போன்ல படிக்கிறப்பவும்தான் இறுக்கிக்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்குத் தாடை இவ்வளவு லேசா இருந்ததே ஞாபகம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒருவேளை ஊசின்னு முடிவானா, அன்னிக்கே வேலைக்குப் போகலாமா? அதுக்கு முன்னாடி நான் என்ன தயார் பண்ணிக்கணும்?

பிழைதிருத்தி

போகலாம் தங்கச்சி. நான் போட்டுட்டு நேரா மேசைக்குத்தான் போனேன். நாலு மணிநேரம் படுக்காதீங்க, போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க, அன்னிக்கு ஓட்டம், கடினமான உடற்பயிற்சி வேண்டாம். கன்னத்துல சின்னதா நீலம் பாய்ஞ்சா ஒரு வாரத்துல போயிடும்.

தயாரிப்புன்னா, இன்னிலேர்ந்தே ஒரு நோட்டுப் போடுங்க. காலையில எழுந்ததும் மூணு விஷயம்: தலைவலி பத்துக்கு எத்தனை, வாய் எத்தனை விரல் அகலம் திறக்குது, எந்தப் பக்கம் வலி அதிகம். மருந்தை மாத்தினாலும் சரி, ஊசி போட்டாலும் சரி, பலன் இருக்கா இல்லையான்னு அந்த நோட்டுதான் காட்டும். நாலாவது ஊசி எனக்கு எப்ப வேணும்னு முடிவு பண்ணினதே அதை வெச்சுத்தான்.

ரயிலடி தம்பி சொன்ன மாத்திரை விஷயம் எனக்குத் தோணவே இல்ல. நல்லவேளை அவர் பார்த்தார்.

பள்ளம் விழுந்த அந்தப் பழைய கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. புது கார்டு செய்யுறப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. ராத்திரி தாடை எந்தப் பக்கமா இழுக்குது, எந்தப் பல்லு மேல பாரம் விழுதுன்னு அந்தப் பள்ளத்தைப் பார்த்தே என் டாக்டர் சொன்னார். எனக்கு இடது கோரைப்பல். உங்களுக்கு எந்தப் பக்கம்னு பார்த்துட்டு வந்து எழுதுங்க.